பிலடெல்பியா பாவாவும் இறையன்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும், வேலையிடத்தில் யாரோடு பேச்சு வந்தாலும், பாவா முஹையத்தீன் பெயர் எழுந்தவுடன் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இந்து நண்பர்கள் ஒரு பக்கம் சந்தேகப்படுவார்கள், முஸ்லிம் உறவினர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பிலடெல்பியாவில் அவர் பெயரில் இயங்கும் அமைப்பின் பேச்சாளன் இல்லை. அவருடைய பேச்சுகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறவன், அவ்வளவுதான்.

இந்த பாவா யார்? சாமியாரா, பக்கீரா?

இரண்டு பெயரிலும் அவரை அழைத்திருக்கிறார்கள். இலங்கைக்காரர், தமிழ் பேசியவர், சூஃபி, அதாவது இஸ்லாமிய ஞானவழிக்காரர். எப்போது பிறந்தார், எங்கே பிறந்தார் என்பதற்குப் பதிவு இல்லை. நூறு வயதைத் தாண்டியவர் என்று சீடர்கள் சொல்வார்கள். அதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். 1940களில் வடக்கிலிருந்து கதிர்காமம் பக்கம் யாத்திரை போனவர்கள் அவரைக் காட்டுப் பகுதியில் கண்டு, ஊருக்கு அழைத்துவந்ததாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் இருந்தது. புளியங்குளத்தில் தோட்டம் போட்டு விவசாயம் செய்தார். நோயாளிகளும், பேய் பிடித்தது என்று கட்டி இழுத்துவரப்பட்டவர்களும், வேலித் தகராறுக்காரர்களும் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ‘சுவாமி’ என்று கூப்பிட்டார்கள். கொழும்பு முஸ்லிம்களுக்கு அவர் பாவா. தமிழ் முஸ்லிம்களிடையே பக்கீர்களைப் பாவா என்று அழைப்பது பழைய வழக்கம்தானே.

அமெரிக்காவில் முதலில் குரு பாவா என்றார்கள். பின்னால் ‘குரு’ போய், பாவா முஹையத்தீன் என்று நிலைத்தது. 1986 டிசம்பர் 8 அன்று பிலடெல்பியாவில் காலமானார்.

முஹையத்தீன் என்பது அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பட்டம் அல்லவா? இவர் எப்படி வைத்துக்கொண்டார்?

ஆமாம், 12ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அடக்கமான சூஃபி ஞானி ஜீலானி அவர்களின் பட்டம்தான் அது. ‘மார்க்கத்துக்கு உயிரூட்டியவர்’ என்று பொருள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் முஹையத்தீன் என்ற பெயர் இல்லாத தெரு உண்டா? பெயர் என்ற அளவில் இதில் வியப்பில்லை.

ஆனால் தொடர்பு பெயரோடு நிற்கவில்லை. பலாங்கொடைக்கு அருகே கூரகலை மலையில் உள்ள தஃப்தர் ஜெய்லானி, ஜீலானி அவர்கள் வந்து தவம் இருந்த இடம் என்று இலங்கை முஸ்லிம்கள் போற்றுகிற குகைத்தலம். பாவாவும் அங்கே காலம் கழித்ததாகச் சொல்வார்கள். ஜீலானி அவர்கள் பெயரில் வந்த காதிரிய்யா என்ற சூஃபி வழியோடு தன்னை அவர் இணைத்துப் பேசியிருக்கிறார். சீடர்கள் அவரைக் குத்பு என்றே நம்புகிறார்கள். ஒரு காலத்தின் ஆன்மிக அச்சாணி என்பது அந்தச் சொல்லின் பொருள். பாவாவின் பேச்சில் குத்பு என்பது ஆளைவிட ஒரு நிலையைக் குறிக்கிற சொல்லாகவே அதிகம் வருகிறது: மனிதனுக்குள் இருந்து விளக்கிக் காட்டும் ஞானம்.

யாழ்ப்பாணத்தில் இருந்த மனிதர் அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்?

பிலடெல்பியாவில் படிக்க வந்த ஓர் இலங்கையர் மூலம் அங்கே சிலர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். கடிதம் போனது, பதில் வந்தது, கடைசியில் அவர்களே சேர்ந்து அழைத்தார்கள். 1971 அக்டோபர் 11 அன்று வந்து இறங்கினார். வியட்நாம் போரும் இனப் போராட்டமும் இளைஞர்களை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். கறுப்பர்கள், வெள்ளையர்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள், எதையும் நம்பாதவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் தரையில் உட்கார்ந்து ஒரு தமிழ்க் கிழவரின் பேச்சைக் கேட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் வராது. அவர் தமிழில் பேசப் பேச, பக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் சொல்வார். எல்லாவற்றையும் ஒலிநாடாவில் பதிந்துவைத்தார்கள்.

1973இல் ஓவர்புரூக் அவென்யூவில் ஒரு கட்டடம் கிடைத்தது. அதுதான் இன்றும் ‘பாவா முஹையத்தீன் ஃபெல்லோஷிப்’பின் தலைமையகம். அதன் பக்கத்திலேயே சீடர்கள் தங்கள் கையால் கட்டிய பள்ளிவாசல் 1984இல் திறக்கப்பட்டது. இடையில் சில முறை அவர் இலங்கைக்கு வந்துபோனார். வேலணைத் தீவின் மண்கும்பானில், மர்யம் அம்மையாரை நினைத்து அவர் தொடங்கியிருந்த இறையில்லத்தை 1975இல் கட்டி முடித்ததில் அமெரிக்கச் சீடர்களின் உழைப்பும் உண்டு. இந்துக்கள் சூழ்ந்த ஊர், முஸ்லிம் ஞானி, ஈசா நபியின் தாய் பெயர், செங்கல் சுமந்தவர்களோ அமெரிக்கர்கள்!

இது ஒரு தரீக்காவா, அதாவது குருவழிச் சூஃபி அமைப்பா? பைஅத் வாங்க வேண்டுமா?

வழக்கமான பொருளில் இல்லை. ஷைகின் (குருவின்) கையைப் பிடித்து உறுதிமொழி கொடுக்கும் பைஅத்தை இங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. அமைப்பின் பெயரே ‘தோழமை’ என்ற பொருளில்தான் இருக்கிறது. ஐவேளை தொழுபவரும் வருகிறார், தொழாதவரும் வருகிறார், யூதப் பெயரையோ கிறிஸ்தவப் பெயரையோ மாற்றாமல் இருப்பவரும் வருகிறார்.

ஆனாலும் ஒரு ஷைகு, ஒரு ஸிக்ர் (இறைநினைவு) முறை, ஒரு சமையலறை, ஒரு மஸார் (அடக்கத்தலம்) எல்லாம் இருக்கின்றன. ஒரு தரீக்காவுக்கு வேண்டிய எலும்பும் சதையும் இவைதானே. தரீக்கா என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள், இல்லை என்றால் வேறு சிலர் கோபிப்பார்கள். நான் பெயரில் சண்டை போடுவதில்லை.

அன்பு அன்பு என்கிறார்கள். எல்லா மதத்திலும் இருப்பதுதானே, இதில் என்ன புதுசு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாவாவின் பேச்சில் அன்பு என்பது ஓர் உணர்ச்சி இல்லை. கண் கலங்குவதோ நெஞ்சு இளகுவதோ அவருக்குப் பெரிய விஷயம் இல்லை. அவர் திரும்பத் திரும்பப் பிடிக்கிற சொல் ‘குணம்’. பொறுமை, இரக்கம், நீதி, மன்னிப்பு எல்லாம் இறைவனின் குணங்கள். அல்லாஹ்வின் 99 திருநாமங்களை வாயால் எண்ணுவதற்கான பட்டியலாக அவர் பார்க்கவில்லை, செய்து காட்ட வேண்டிய செயல்களாகப் பார்த்தார். ஒருவர் பசியை உன் பசியாக எடுத்துக்கொண்டு சோறு போட்டால், அந்த நேரத்தில் இறைவனுடைய ஒரு குணம் உன் வழியாக நடக்கிறது. இறைவனை நேசிப்பது என்றால் அவன் குணத்தோடு நடப்பது. அதற்கு வெளியே தனியாக ஒரு காதல் கிடையாது.

தமிழில் பிஸ்மில்லாஹ்வை எப்படிச் சொல்கிறோம்? ‘அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.’ சாப்பிட உட்காரும்போதும் கடை திறக்கும்போதும் சொல்லிப் பழகி, அந்த ‘அன்புடையோன்’ காதில் விழாமலே போய்விட்டது. பாவா அந்தச் சொல்லை எடுத்து முன்னால் வைத்து, ‘இதை நீ எங்கே செய்கிறாய்?’ என்று கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புதுசு என்று எதுவும் இல்லை, சரிதான். குர்ஆனிலேயே ‘அவன் அவர்களை நேசிப்பான், அவர்களும் அவனை நேசிப்பார்கள்’ என்று இருக்கிறது (5:54). அந்த வசனத்தில் அவனுடைய நேசம் முதலில் வருகிறது, நம்முடையது பின்னால்தான். சூஃபிகள் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளாகப் பேசுகிறார்கள்.

அப்படியானால் பெண்டாட்டி பிள்ளைகள்மேல் வைக்கிற பாசம் தப்பா?

தப்பு இல்லை, ஆனால் அதை அன்பு என்று எண்ணி ஏமாறாதே என்பார். இங்கே தமிழ் நமக்கு உதவுகிறது. ஆசை, பாசம், பற்று, அன்பு என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் கேட்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் நின்று விளக்க வேண்டியது நமக்குச் சொல்லிலேயே புரிந்துவிடுகிறது. பாசம் என்றால் கயிறு என்று சைவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், கட்டு) என்று கேட்டு வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்காரரிடம் பாவா பேசியபோது இந்தச் சொல் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும்!

அவர் கணக்கில், ‘என்னுடைய’ என்ற சொல் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே அன்பில் கலப்படம் இருக்கிறது. என் பிள்ளை என்பதால் ஊட்டினேன், அடுத்த வீட்டுப் பிள்ளை பசியோடு இருந்தால் எனக்கென்ன என்றால், அது இரத்தத்தின் வேலை. பிள்ளையை விட்டுவிடச் சொல்லவில்லை, அடுத்த பிள்ளைக்கும் ஒரு வாய் கொடு என்கிறார். அவரே எல்லா வயதினரையும் பிள்ளைகளே, கண்மணிகளே என்றுதான் அழைத்தார்.

சொல்வது சுலபம். இந்த மனசை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது?

மனசைப் பற்றி அவருக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. மனம் குரங்கு, ஆசை நாய். அவர் பேச்சு எதைக் கேட்டாலும் இந்த இரண்டும் எங்காவது குறுக்கே ஓடும்.

அவற்றைக் கட்ட மூன்று நான்கு வழிகளைச் சொன்னார். ஒன்று, ஸபூர், ஷுக்ர், தவக்குல், அல்ஹம்துலில்லாஹ்: பொறுத்துக்கொள், நன்றி சொல், அவனிடம் ஒப்படை, எது வந்தாலும் புகழ் அவனுக்கே என்று விடு. இன்னொன்று மூச்சோடு செய்யும் ஸிக்ர். ‘லா இலாஹ’ என்று மூச்சை விட்டு, ‘இல்லல்லாஹு’ என்று உள்ளே இழுப்பது. நீயன்றி எதுவும் இல்லை, நீயே அல்லாஹ் என்று பொருள் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு 43,242 மூச்சு என்று ஒரு கணக்கும் தந்தார். நம் யோக நூல்களின் 21,600 கணக்கோடு இது ஒட்டாதே என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். எண்ணிக்கை அல்ல விஷயம், ஒரு மூச்சும் வீண்போகக் கூடாது என்பதுதான். விடியலுக்கு முன் எழுந்து இதைச் செய்பவர்கள் பிலடெல்பியாவில் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாவது வழி அறிவு. அது தனிக் கேள்வியாகவே வருகிறது.

அன்புக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்? பக்தி தனி, ஞானம் தனி இல்லையா?

இவரிடம் தனி இல்லை. அறிவில் ஏழு படி சொல்வார்: உணர்வு, உணர்ச்சி, புத்தி, மதி, அறிவு, பகுத்தறிவு, பேரறிவு. முதல் மூன்று நான்கு படிகளில் உலகம் முழுதும் ஓடிவிடுகிறது. படிப்பு, சம்பாத்தியம், வாதம் எல்லாம் அங்கேதான். பகுத்தறிவு என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ்நாட்டு நண்பர்கள் பெரியாரை நினைத்துச் சிரிப்பார்கள். பாவா அதே சொல்லை வேறு வேலைக்கு வைத்திருக்கிறார். எது நிலைக்கும், எது அழியும் என்று பிரித்துக் காட்டுவது அது. முன்பு ஒரு பதிலில் பாசத்தையும் அன்பையும் பிரித்தோமே, அந்தப் பிரிப்பைச் செய்யும் கத்தி இதுதான். பிரித்த பிறகு வெளிச்சமாக நிற்பது பேரறிவு.

சூஃபிகள் என்கிறார்கள், ஆனால் கறி சாப்பிட மாட்டார்களாமே? அப்போது பெருநாளில் ஆடு மாடு அறுக்கும் குர்பானி?

ஃபெல்லோஷிப் சமையலறையில் சைவம்தான். சோறு, பருப்பு, மரக்கறி என்று இலங்கைச் சமையல். பாவாவே அடுப்படியில் நின்று சமைப்பார், வெங்காயம் எப்படி வெட்ட வேண்டும் என்று அமெரிக்கர்களுக்குச் சொல்லித்தருவார்.

அவர் சொன்ன காரணம் அன்புப் பாடத்திலிருந்தே வருகிறது: பிற உயிரின் வலி உன் வலி. குர்பானியைப் பற்றி அவர் விளக்கம் இப்படிப் போகும். அறுப்பவர் தொழுகையாளியாக இருக்க வேண்டும், கலிமா என்ற விசுவாச வாசகத்தைச் சொல்ல வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும், உயிர் போகும்வரை அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை நிபந்தனையும் அறுப்பைக் குறைக்கத்தான். உண்மையில் அறுக்க வேண்டியது உள்ளே இருக்கும் மிருகக் குணங்களை.

இது அவருடைய விளக்கம். ஃபிக்ஹ் என்ற இஸ்லாமியச் சட்டப்படி ஹலால் இறைச்சி முஸ்லிமுக்கு அனுமதிக்கப்பட்டதுதான், பெருநாள் குர்பானி இஸ்லாமிய உலகம் முழுக்க நடப்பதுதான். இதைப் பாவாவின் தனிப்பாதை என்று எடுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. இதுவே இஸ்லாம், மற்றவர் செய்வது பிழை என்று சில சீடர்கள் பேசும்போது எனக்கு ஒப்புதல் இல்லை.

இந்துக்களுக்குப் புராணம், முஸ்லிம்களுக்குக் குர்ஆன். ஆளுக்கேற்ற பேச்சா? கடைசியில் எல்லாரையும் மதம் மாற்றவா?

ஆளுக்கேற்ற பேச்சு என்பது உண்மை. விவசாயியிடம் நெல்லையும் களையையும் வைத்துத்தானே பேச முடியும். மதங்களைப் படிகளாகப் பார்த்தார். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவர் அறிந்த நான்கும், ஷரீஅத், தரீக்கத், ஹகீக்கத், மஃரிபத் என்று சூஃபிகள் அறிந்த நான்கும் அவர் பேச்சில் அருகருகே வரும்.

இந்தக் கலப்பு அவர் கண்டுபிடித்ததும் அல்ல. பழைய தமிழ்ச் சூஃபிக் கவிஞர்களான தக்கலை பீர்முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் இப்படிப்பட்ட தமிழில்தான் பாடினார்கள். மஸ்தான் சாகிபு இறைவனை ‘மனோன்மணியே’ என்று காதலியாக அழைத்து ஏங்கினார். பாவாவிடம் அந்தக் காதலி உருவம் குறைவு, தந்தையும் பிள்ளையும் என்ற உறவே அதிகம்.

மாற்றினாரா என்றால், காலத்தோடு அவர் அமெரிக்கப் போதனையில் இஸ்லாமிய நடைமுறை கூடியது. முதலில் ஞானப் பேச்சு, பிறகு ஸிக்ர், 80களில் பள்ளிவாசலும் ஐவேளைத் தொழுகையும். இதை விரும்பாமல் விலகிப்போனவர்களும் உண்டு. இஸ்லாம் என்றால் ஒரு கூட்டத்தின் பெயர் அல்ல, தூய நிலை என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தைக் கேட்டு முஸ்லிம் ஆனவர்களும் இருக்கிறார்கள், ஆகாமலே கடைசிவரை கூட இருந்தவர்களும் இருக்கிறார்கள்.

‘மனிதனுக்குள் இறைவன், இறைவனுக்குள் மனிதன்’ என்று பாவா சொன்னது ஷிர்க் (இறைவனுக்கு இணைவைத்தல்) ஆகாதா?

என் மாமா கேட்டது இது. கேட்க வேண்டிய கேள்விதான். மனிதனைப் பற்றி ‘பிடரி நரம்பைவிட அவனுக்கு நாம் நெருக்கமானவர்கள்’ என்று இறைவன் சொல்வது குர்ஆன் வசனம் (50:16). அடியான் உபரி வணக்கங்களால் நெருங்க நெருங்க, ‘அவன் கேட்கும் செவியாக, பார்க்கும் கண்ணாக ஆகிவிடுவேன்’ என்று இறைவன் சொல்வதாகப் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. சூஃபிகளின் பேச்சுக்கு அடித்தளம் இவைதான்.

பாவாவின் வாக்கியத்தை மேலே அன்பைப் பற்றிச் சொன்ன பதிலோடு சேர்த்துப் படியுங்கள். குணம் உள்ளே வருகிறது என்கிறார், மனிதன் கடவுளாகிவிட்டான் என்று அல்ல. தன்னை அடிமை என்றும் எறும்பிலும் சிறியவன் என்றும் சொல்லிக்கொண்டவர் அவர். இருந்தாலும் சில சீடர்களின் பக்தி எல்லை தாண்டிப் போவதுண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பிலடெல்பியாவுக்கு மேற்கே கோட்ஸ்வில் அருகே அவர் அடக்கமான மஸாரைப் பற்றியும் இதே வாதம்தான். நாகூரை ஏற்பவர் இதையும் ஏற்பார். அதை மறுப்பவர் இதையும் மறுப்பார்.

அன்பு பேசியவர் அரசியலில் ஏன் தலையிட்டார்?

1979–80இல் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக்கைதிகள் இருந்தபோது ஈரானின் கொமெய்னி, அமெரிக்க அதிபர் கார்ட்டர், இஸ்ரேலின் பெகின், எகிப்தின் சதாத் ஆகியோருக்குக் கடிதம் எழுதச் செய்தார். ஒரு தலைவருக்குப் பசியும் பொறுமையும் பற்றி எழுதுவது வெகுளித்தனமாகத் தெரியலாம். அவருக்கு அது ஊர் வேலித் தகராறைத் தீர்ப்பதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

ரூமி கவிதைகளுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ரூமி பழைய பாரசீகச் சூஃபிக் கவிஞர். கோல்மன் பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞரின் ஆங்கில ரூமி உலகெங்கும் விற்றது. 1977 மே மாதம் அவர் கனவில் ஒரு முதியவர் வந்தார்; மறு ஆண்டு பிலடெல்பியாவில் பாவாவைக் கண்டபோது அவரே இவர் என்று அடையாளம் கண்டதாகப் பார்க்ஸ் சொல்லியிருக்கிறார். ரூமி வேலையைச் செய் என்று பாவா ஊக்கினார்.

பார்க்ஸுக்குப் பாரசீகம் தெரியாது. ஏற்கெனவே இருந்த மொழிபெயர்ப்புகளைப் புதுக்கவிதையாக மாற்றினார். அந்த ரூமியில் தொழுகையும் நபியும் மங்கி, காதல் மட்டும் பளிச்சென்று தெரிகிறது என்று அறிஞர்கள் குறை சொல்கிறார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. இதில் ஒரு வேடிக்கை: அவரை ஊக்கியவரோ அன்பைத் தொழுகையிலும் சமையலிலும் காட்டச் சொன்னவர்.

அவருக்குப் பிறகு யார் ஷைகு?

யாரும் இல்லை. வாரிசு ஷைகை அவர் நியமிக்கவில்லை. தொழுகைக்கு இமாம்கள் இருக்கிறார்கள், நிர்வாகத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள், போதனைக்குப் பதிவுகள் இருக்கின்றன. கூட்டத்தில் ஒலிப்பதிவைப் போட்டு எல்லாரும் கேட்பார்கள். புதிதாக வரும் இளைஞருக்கு உயிரோடு ஒரு குரு இல்லாதது குறையாகத்தான் இருக்கிறது என்று சிலர் என்னிடமே சொன்னதுண்டு. கொழும்பில் அவர் காலத்திலிருந்தே செரண்டிப் சூஃபி வட்டம் இயங்குகிறது.

தமிழில் எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்திலிருந்து வேண்டாம். ஆங்கிலத்தில் இருபதுக்கும் மேல் இருக்கின்றன, ஆனால் அவை பேச்சை எழுத்தாக்கியவை, அதுவும் மொழிபெயர்த்து. அவர் குரலையே கேளுங்கள். கதை சொல்லிக்கொண்டே போவார், திடீரென்று பாட்டாக மாறிவிடும். முன்கூட்டி எழுதிய பாட்டில்லை, அந்த நேரத்தில் வருவது. அரபுச் சொல்லும் நாட்டுப்புறச் சொல்லும் கலந்த தமிழ். முதல் இரண்டு மணி நேரம் குழப்பமாக இருக்கும், அப்புறம் காது பழகிவிடும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா? ஏதாவது கட்டணம், விதி?

தாராளமாகப் போகலாம், கட்டணம் இல்லை. பள்ளிவாசலுக்குள் போவதானால் அதற்கேற்ற உடை, பெண்களுக்குத் தலையில் துணி. மஸாருக்கு நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர், கார் இல்லாமல் கஷ்டம். சாப்பாட்டு நேரத்தில் போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். முடித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள், அடுக்களையில் எப்போதும் வெட்ட மரக்கறி இருக்கும்.